செம்மண்ணுக்குக் கீழே

அடைவைத்த முட்டைகளில் பாதிக்கு மேல் பொரிக்கவே இல்லை. பொரித்தவற்றில் ஒரு குஞ்சுக்கு மேலலகு ஒரு பக்கமும் கீழலகு இன்னொரு பக்கமும் போய், பாதி திறந்த கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. அதனால் நொய்யைக் கொத்த முடியவில்லை. தரையில் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து கத்தியது.

மதுமதி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"போன தபாவும் இப்டி ஒண்ணு வந்துச்சுக்கா," என்றார் கிச்சா. "சீக்குக் குஞ்சுன்னு தூக்கிப் போட்டுட்டேன். இதப்போயி உங்களாண்ட இன்னாத்துக்குச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முட்டைங்க பாதி கூமுட்டையாத்தான் பூடும். வெயிலுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கிச்சா அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர். விடியற்காலையில் காய்கறியை ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்கு லோடு ஆட்டோ ஓட்டி வருபவரும் அவரேதான். பண்ணைக்கு அடுத்த ஊர்தான் அவருக்கு. கோழிகள் எங்கே மேய்கின்றன என்று மதுமதி கேட்டதும், வேலிக்கோடியில் பூவரச மரத்தடியைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் பச்சையாய் இருக்க, அங்கே மட்டும் புல் அரைகுறையாய் முளைத்திருந்தது. மண் கருத்துப்போய், பொலபொலவென்று கிடந்தது. கோழிகளுக்கு அந்த மண் பிடித்திருந்தது. குழி பறித்துப் படுத்து, சிறகுக்குள் மண்ணை வாரிவாரிப் போட்டுக்கொண்டன.

"இங்கதானே அந்தக் காலத்துல டிரான்ஸ்பார்மர் உடைச்சாங்க?" என்றாள் மதுமதி.

"இங்கியேதான். தொறந்து, செம்புக் கம்பிய உருவிக்கினு, உள்ள இருக்கிற ஆயிலை அப்டியே கவுத்துடுவானுங்க. மழை பெஞ்சா நெலம் பூரா வானவில்லு மாதிரி மினுமினுன்னு இருக்கும். நாங்கல்லாம் அதப் பாக்கவே வருவோம்."

மதுமதி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தாள். வாசனை எதுவும் இல்லை. கல்லூரியில் வேதியியல் படித்தவள் அவள். வாசனை போன பின்பும் போகாத பொருள்கள் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

மதுமதிக்கு நாற்பது தாண்டிவிட்டது. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கத்தின் மூத்த மகள். சுயம்புலிங்கம் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, ஒருவர் கடையில் பாத்திரம் துடைத்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டு நிமிர்ந்தவர். மகளைப் படிக்க வைத்தார். கல்யாணம் செய்து கொடுத்தார். அந்தக் கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை. திரும்பி வந்தவளைக் கல்லாவில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றாள். திருப்போரூர் தாண்டி அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த நிலம் சும்மா கிடக்கிறதே, அதைக் கொடுங்கள், விவசாயம் பண்ணிப் பார்க்கிறேன் என்றாள். தொல்லை விட்டது என்று கொடுத்தார்.

அதற்கு முன்னால் பல வருஷம் அந்த நிலம் தனசேகரன் என்ற கான்ட்ராக்டரிடம் குத்தகைக்கு இருந்தது. பழைய டிரான்ஸ்பார்மர்களை ஏலத்தில் எடுத்து உடைத்து விற்றவர். அவர் காலி செய்துவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மேலே முள்ளும் புதரும் மூடிக் கிடந்ததால் மதுமதி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புதரை வெட்டி, சாணமும் இலைதழையும் போட்டு, பூச்சிமருந்து ஒரு துளி இல்லாமல் காய் விளைவித்தாள். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடை பிடித்தாள். கடைக்கு மேலேயே குடியிருந்தாள். ஐந்து வருஷத்தில் மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் 'மதுமதி கடைப் பரங்கிக்காய்' என்றால் ஒரு பெயர் வந்திருந்தது. குழந்தைக்கு முதல் முதலாகச் சோறு ஊட்டும் வீட்டார் அவள் கடைக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

இப்போது அந்தப் பரங்கிக்காயையும் முட்டையையும், பண்ணையின் நான்கு மூலை மண்ணையும் எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனாள். அவளோடு படித்த நெடுஞ்செழியன் அங்கே ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் இருந்தான்.

முடிவு வந்த அன்று அவன் போனில் சொல்லவில்லை. நேரில் வரச் சொல்லி, வாசலில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனான்.

"மதி, அது பிசிபிங்கற விஷ ரசாயனம். பழைய டிரான்ஸ்பார்மர் ஆயில்ல கலந்திருப்பாங்க. மரத்தடி மண்ணுல ரொம்ப அதிகம். மத்த மூலையிலயும் இருக்கு. புதர் வெட்டினப்போ, உழுதப்போ எல்லாப் பக்கமும் பரவியிருக்கு."

"மட்கிப் போகாதா?"

"நம்ம ஆயுசுக்குள்ள போகாது. தண்ணில கரையாது, வெயில்ல அழியாது, மண்ணைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கெடக்கும். கோழி தின்னா கொழுப்புல சேரும், முட்டைல இறங்கும். மாடு தின்னா பால்ல வரும். கீரையில மேல ஒட்டற தூசிதான். ஆனா பரங்கி, சுரை, வெள்ளரி இந்த இனம் வேர் வழியாவே இழுக்கும். நீ எதை அதிகமா விக்கிற?"

மதுமதி டீயைக் கீழே வைத்தாள். "பரங்கிக்காய்தான்."

"ஒரு தடவை சாப்பிட்டவங்களுக்கு உடனே எதுவும் ஆகாது. பதறாதே. ஆனா தொடர்ந்து சாப்பிட்டா உடம்புல ஏறிக்கிட்டே போகும். முதல்ல விக்கிறதை நிறுத்து."

"ஏற்கெனவே வித்ததுக்கு?"

நெடுஞ்செழியன் போனை எடுத்துத் தெரிந்த டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டான்.

அடுத்த நாள் காலையில் கிச்சா வண்டியில் வந்த கூடைகளை மதுமதி கடைக்குள் இறக்கவே விடவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். என்ன பொருள், எப்படி வந்தது, எதில் அதிகம், இனி என்ன செய்ய வேண்டும் என்று எதையும் மறைக்கவில்லை. சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து போனார்கள். ஒரு பெரியவர், "வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு," என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பையை உதறிக்கொண்டு போனார்.

ஸ்ரீரஞ்சனி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. குழந்தை உண்டான நாளிலிருந்து மதுமதி கடையைத் தவிர வேறு எங்கும் காய் வாங்காதவள். மதுமதி சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது.

"எங்காத்துல இவளுக்கு மொத மொதல்ல மசிச்சு ஊட்டினதே உங்க பரங்கிக்காய்தான்," என்றாள். "தினம் ஒரு முட்டைன்னு டாக்டர் சொன்னப்போ மாமியாருக்குத் தெரியாம உங்ககிட்டதானே வந்து வாங்கிண்டு போனேன்? உங்களை நம்பினேனே!"

"தப்பு எங்க நிலத்துமேலதான் ரஞ்சனி. எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கணும். அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சும் நான் மண்ணைச் சோதிச்சுப் பாக்காம விட்டுட்டேன். குழந்தைகள் டாக்டர் ஒருத்தர்கிட்ட நெடுஞ்செழியன் பேசியிருக்கான். நான் கூட வர்றேன், போய்ப் பாத்துடலாம்."

"நீங்க வர வேண்டாம்." குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுமதி அழவில்லை. அன்று வந்த காயையெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போடக்கூட வழியில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. எருக்குழியில் போட்டால் திரும்பவும் மண்ணுக்குத்தான் போகும். ஆட்டுக்குப் போட்டால் ஆட்டுக்குள் போகும். மூட்டை கட்டி, நெடுஞ்செழியனைக் கேட்டு, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தாள்.

மத்தியானம் தம்பி ராம்குமார் போன் பண்ணினான். "அக்கா, என்ன பண்ணி வச்சிருக்க? அடையாறு குரூப்ல எல்லாம் உன் கடை பேருதான் ஓடுது. கடைக்கு வா. அப்பா கூப்பிடுறாரு."

பாத்திரக்கடையில் முகூர்த்த மாதக் கூட்டம். அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் டிபன் கேரியர் என்று சீர்வரிசை வாங்க வந்த குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. சுயம்புலிங்கம் கல்லாவை விட்டு எழுந்து, மாடியில் சரக்கு அடுக்கியிருந்த அறைக்கு மகளைக் கூட்டிப் போனார். அங்கே சுவரில் ஒரு பெரிய பேனர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பச்சை வயல், நீல வானம். நடுவில் பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் மதுமதி. 'பசுந்தளிர் பண்ணை மனைகள். விஷமில்லா மண். வாருங்கள், விதைப்போம்.'

நிலத்தை அப்பாவும் தம்பியும் பண்ணை மனைகளாகப் பிரித்து விற்கப் போவது மதுமதிக்குத் தெரியும். நடுவில் பொதுத் தோட்டம் ஒன்றை அவள் நடத்துவது என்று பேச்சு. அந்தப் படத்துக்கு அவளே சிரித்து நின்று கொடுத்தாள். அறிமுக விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

"என்னட்டி சொல்லுத ஊரெல்லாம்?" என்றார் சுயம்புலிங்கம்.

அவள் சொன்னாள். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு என்னட்டி தெரியும்? எண்ணெய்தானன்னு நெனச்சேன். வண்டி எண்ணெய் கொட்டாத ஊரு உண்டா?"

"உங்களைக் குத்தம் சொல்லலப்பா. விக்கிறதை மட்டும் நிறுத்துங்க."

"அது நடக்காது அக்கா," என்றான் ராம்குமார். "புக்கிங் வாங்கியாச்சு. அந்தப் பணத்தை ரோட்டுக்கும் காம்பவுண்டுக்கும் போட்டாச்சு. நான் ஒரு இன்ஜினியரைக் கேட்டுட்டேன். மேல ஒரு அடிக்குச் செம்மண் அடிச்சு மூடிட்டா பிரச்சினை முடிஞ்சுது."

"யாருக்கு முடிஞ்சுது?"

"நமக்கு."

"அங்க வீடு கட்டப் போறவனுக்கு?"

"அவங்க என்ன, அந்த மண்ணையா திங்கப் போறாங்க?"

"பேனரைப் பாருல. 'விதைப்போம்'னு போட்டிருக்க. விதைச்சுத் திங்கத்தான் வர்றாங்க."

சுயம்புலிங்கம் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "மதி, சொல்லுதேன் கேளு. ஒனக்கு வேற எடம் பாத்துத் தாரேன். நல்ல எடம். இதைப் பத்தி இனி யாருட்டயும் பேசாத. நாப்பது வருசமா இந்தத் தெருவுல ஒரு பேரு எடுத்து வச்சிருக்கேன். அதை நீ மண்ணள்ளிப் போட்டு மூடிராத."

"நான் மூடலப்பா," என்றாள் மதுமதி. "மண்ணள்ளிப் போட்டு மூடப்போறது நீங்கதான்."

படியிறங்கும்போது கூட்டத்தில் இடித்துக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது. காது மடல் சுட்டது. இத்தனை வயதுக்கும் அப்பாவை எதிர்த்துப் பேசினால் அவளுக்குக் காது சுடும்.

இரண்டு நாள் கழித்துக் கிச்சா போனில் கூப்பிட்டார். "அக்கா, லாரி லாரியா செம்மண்ணு கொட்டிக்கினு கீறாங்க. ஜேசிபி வச்சு நெரவுறாங்க. பூவரச மரத்தையும் சாச்சுட்டானுங்க." பிறகு கேட்டார்: "எங்க ஊட்லயும் அந்தக் கோழி முட்டைதானேக்கா துன்னோம்? எம் பொண்ணு மாசமா கீது. அதுக்கு எதுனா ஆயிடுமா?"

"ஆகும்னு சொல்ல முடியாதுண்ணே. ஆகாதுன்னும் என்னால சொல்ல முடியாது. இனிமே தின்ன வேண்டாம். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரிக்கா." மறுமுனையில் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. "ஒண்ணு சொல்றேன். இவனுங்கள வுடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் மண்டபத்தில் நாதஸ்வர இசை போட்டு, வாசலில் வாழை கட்டி, வெண்பொங்கலும் வடையும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அடையாறிலும் மயிலாப்பூரிலும் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, கடைசிக் காலத்தில் நாலு வாழை, ஒரு முருங்கை வைத்து வாழலாம் என்று ஆசைப்பட்டவர்கள். மதுமதி உள்ளே நுழைந்ததும் வாசலில் நின்ற பெண் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, மலர்ந்து சிரித்து, 'விருந்தினர்' என்று பச்சை ரிப்பன் ஒன்றை அவள் புடவையில் குத்திவிட்டாள்.

ராம்குமார் மேடையில் இருந்தான். அக்கா வரமாட்டாள் என்று நினைத்திருந்தான். அவள் நேராகப் படியேறி வந்தபோது அவனுக்குத் தடுக்கத் தெரியவில்லை. பின்னால் பேனரில் சிரித்துக்கொண்டிருப்பவளே ஆளாக வந்து நிற்கும்போது எப்படித் தடுப்பது? கூட்டம் கை தட்டியது.

அவள் மைக்கை எடுத்தாள்.

"வணக்கம். அந்தப் படத்துல இருக்கறது நான்தான். அந்தப் பரங்கிக்காயில விஷம் இருக்கு."

கை தட்டிக்கொண்டிருந்த இரண்டொருவர் தாமதமாகத்தான் நிறுத்தினார்கள்.

"அந்த நிலத்துல பழைய டிரான்ஸ்பார்மர் ஆயிலைக் கொட்டியிருக்காங்க. அதுல இருக்கிறது மண்ணை விட்டுப் போகாத விஷம். மட்காது, கரையாது. காய்ல ஏறும், முட்டையில ஏறும், அதைச் சாப்பிடற நம்ம உடம்புக் கொழுப்புல போய்ச் சேர்ந்துக்கிட்டே இருக்கும். தாய்ப்பால் வழியா குழந்தைக்கும்..."

மைக் செத்தது. ராம்குமார் பக்கவாட்டில் யாருக்கோ சைகை காட்டியிருந்தான். மதுமதி மைக்கைக் கீழே வைத்தாள். ஐந்து வருஷம் கடைத்தெருவில் நின்று கூவிய தொண்டை அவளுக்கு.

"குழந்தைக்கும் போகும்! சோதனை முடிவு என் கையில இருக்கு. யாரு வேணும்னாலும் வாங்கிப் பாருங்க."

"குடும்பத்துல சொத்துத் தகராறு போலிருக்கு," என்று நடு வரிசையிலிருந்து ஒருவர் சிரித்தார். "அதை வீட்டுல வச்சுக்கோங்கம்மா."

"ஆமா சார், சொத்துத் தகராறுதான்," என்றாள் மதுமதி. "அந்த நிலத்துல விளைஞ்சதை எல்லாரையும்விட அதிகமா தின்னவ நான். என் பங்கு ஏற்கெனவே எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. என் உடம்புல இருக்கு. உங்களுக்கும் ஒரு பங்கு வேணும்னா இன்னைக்கு எழுதி வாங்கிட்டுப் போங்க."

அவர் சிரிப்பு நின்றது.

முன்வரிசையில் வெங்கடரமணன் எழுந்தார். ஸ்ரீரஞ்சனியின் மாமனார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இரண்டு மனைகளுக்கு முன்பணம் கட்டியிருந்தவர். "ரஞ்சனி ஆத்துல சொன்னா. நான்தான் நம்பாம வந்துட்டேன்," என்றார். "மேல செம்மண் போட்டாச்சு, இனிமே ஒண்ணுமில்லைன்னு உங்க தம்பி சொல்றாரே?"

"மாமா, நீங்க மாமரம் வைக்கணும்னு என்கிட்டயே சொல்லியிருக்கீங்க. மாமரத்து வேர் ஒரு அடியில நின்னுடுமா? அஸ்திவாரம் தோண்ட மாட்டீங்களா? தோண்டின மண்ணு எங்க போகும்? மேலதானே வரும்?"

வெங்கடரமணன் ராம்குமாரைப் பார்த்துத் திரும்பினார். "என்னோட முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்கோ."

மண்டபத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. சுயம்புலிங்கம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகம் மட்டும் கன்றிச் சிவந்திருந்தது.

"எறங்குட்டி கீழ!"

"இன்னும் ரெண்டு பேரு கேள்வி கேக்கிறாங்கப்பா. சொல்லிட்டு எறங்குறேன்."

அவர் கை ஓங்கியது. மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மதுமதி முகத்தைத் திருப்பவில்லை, கண்ணையும் மூடவில்லை. ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்று, மெல்ல இறங்கியது. அவர் மேடையை விட்டு இறங்கி, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் நடந்து போனார்.

மதுமதி மிச்சமிருந்த கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். எல்லோரும் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகவில்லை. "விஷம் இல்லாத இடம் இந்தக் காலத்துல எங்கம்மா இருக்கு? நிம்மதியா ஒரு கனவு கண்டோம், அதையும் கெடுத்தே," என்று ஒரு அம்மாள் அழுதாள். மதுமதி அந்த அம்மாளைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கடுமையானவை. மனைகள் விற்கவில்லை. ராம்குமார் அவளோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவளைக் கண்டால் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அம்மா முத்துலட்சுமி மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் போன் பண்ணி, "உடம்புல இருக்குன்னியே, அதுக்கு மருந்து இல்லையாட்டி?" என்று ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டாள். இல்லை என்று சொன்னால் அழுவாள். அதனால் மதுமதி, "பாத்துக்கிட்டிருக்காங்கம்மா," என்று சொல்லி வைத்தாள்.

கடையை அவள் மூடவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் வேறு விவசாயிகளிடம் போய், முதலில் மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் காய் எடுத்தாள். சோதனைக்கு ஆகும் செலவைக் கேட்டதும் இரண்டு பேர் அவளை விரட்டினார்கள். மூன்றாவது ஆள் ஒத்துக்கொண்டார். பழைய கூட்டம் வரவில்லை. வந்தவர்கள் நின்று கேள்வி கேட்டு வாங்கினார்கள். வெங்கடரமணன் கீரைக்கு வருவார். "குழந்தை நன்னா இருக்கா. டாக்டர் வருஷா வருஷம் பாக்கணும்னிருக்கார். ரஞ்சனி இன்னும் கோவமாத்தான் இருக்கா," என்பார். "இருக்கட்டும் மாமா. அவளுக்கு அந்த உரிமை இருக்கு," என்பாள் மதுமதி.

கிச்சாவும் ஊர்க்காரர்களும் அவளோடு சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவைத் தனசேகரன் ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. தனசேகரன் இப்போது பெரிய ஆள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில் பங்களா, நாலைந்து கம்பெனிகள். அவர்மீது வழக்கு நிற்க வேண்டுமானால் குத்தகைக்குக் கொடுத்தவர், அதாவது நிலத்துச் சொந்தக்காரர், மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். சுயம்புலிங்கம் மாட்டேன் என்றார். மதுமதி வாரம் தவறாமல் பாத்திரக்கடைக்குப் போய், கல்லாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். கடைப் பையன்களிடம் மட்டும், "அந்த அம்மாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு," என்பார். குடித்துவிட்டு, கடை சாத்தும் முன் எழுந்து போவாள். மறுவாரம் மறுபடி வருவாள்.

அப்படி ஒரு நாள் அவள் உட்கார்ந்திருக்கும்போதுதான் தனசேகரனின் ஆள் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் இரண்டு போன். மகளை யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு கல்லாவின் மேல் சாய்ந்து பேசினான்.

"அண்ணாச்சி, எங்க சார் உங்களை ரொம்ப விசாரிச்சாரு. அந்த எடத்தால உங்களுக்குக் கஷ்டம்னு கேள்விப்பட்டாரு. மொத்தமா அவரே எடுத்துக்கிறேங்கிறாரு. நீங்க மனை போட்டு வித்தா என்ன வருமோ, அந்த விலைக்கே. உங்க பொண்ணு குடுத்திருக்கற கம்ப்ளெயிண்டை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லிட்டீங்கன்னா போதும்."

"வாங்கி என்ன செய்வாரு?" என்றார் சுயம்புலிங்கம்.

"குடோன் கட்டி வாடகைக்கு விட்டுருவாரு. கீழ என்ன இருக்குன்னு எவன் பாக்கப் போறான்?"

அப்பாவின் நஷ்டமெல்லாம் ஒரே கையெழுத்தில் தீர்ந்துவிடும். ராம்குமார் பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தார்.

"ஒங்க சாரு எங்கிட்ட எடத்தைக் கேட்டு வந்தப்போ அவருக்குச் சொந்தமா ஒரு லாரி கெடையாது. நம்பிக் குடுத்தேன். அவரு வெசத்தை ஊத்திட்டுப் போயிட்டாரு. எம் மக அதைத் தின்னுருக்கா. அவ ரத்தத்துல அது ஓடுது. இப்ப அந்த எடத்துக்கு எங்கிட்டயே வந்து வெல பேசுதியோ?"

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க, நான் என்ன..."

"எந்திரில!"

அண்டா அடுக்கே அதிர்ந்ததுபோல் இருந்தது. கடையில் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"எந்திரிச்சு வெளிய போல! ஒங்க சாருட்ட போய்ச் சொல்லு. சுயம்புலிங்கம் நிலம் விக்கதுக்கு இல்ல. அவன் கொட்டுனதை அவனே வந்து அள்ளணும். அள்ளுத வரைக்கும் நான் சாகமாட்டேன்னு சொல்லு!"

வந்தவன் கீழே விழுந்த போனைப் பொறுக்கிக்கொண்டு தெருக் கூட்டத்தில் கலந்தான். சுயம்புலிங்கம் மூச்சு வாங்க உட்கார்ந்தார். ராம்குமார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் முகத்தில் ஏமாற்றமும், அதோடு வேறு என்னவோ ஒன்றும் இருந்தது. அக்காவைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

தண்ணீரைக் குடித்து முடித்துச் சுயம்புலிங்கம் கையை நீட்டினார். "அதைக் குடு."

மதுமதி மனுவைக் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அவசரப்படவில்லை. பிறகு, தமிழில் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மண்டபத்துல நாலு பேரு முன்னால நீ செஞ்சதை நான் மறக்கமாட்டேன்," என்றார், அவளைப் பார்க்காமலே.

"மறக்க வேண்டாம்ப்பா."

அவள் மனுவுக்காகக் கை நீட்டினாள். அவர் அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நானே கொண்டுபோய்க் குடுக்கேன். எந் நிலம்."

"நானும் வருவேன்."

"வா. ஆனா அங்க வந்து ஆபீசருங்க முன்னால வாயத் தொறக்கப்புடாது. நான் பேசிக்கிடுதேன்."

"அது என்னால முடியாதுப்பா," என்றாள் மதுமதி.

சுயம்புலிங்கம் முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினார். "முடியாதுன்னு எனக்குத் தெரியாதா," என்று சொல்லிவிட்டு, கல்லாச் சாவியை ராம்குமாரிடம் எறிந்து, அவளுக்கு முன்னால் தெருவில் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினார்.